வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: கர்ப்ப காலத்தில் மூத்த பிள்ளையைத் தூக்கலாமா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். இரண்டாவது பிள்ளை உண்டாகி 5 மாதம். மூத்தவனுக்கு 2 வயது, 12 கிலோ இருக்கிறான். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. பெரிய வீட்டில் இவரும் மாமியாரும் மட்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. "பிள்ளையைத் தூக்காதே, வயிறு இறங்கிடும், கொடி சுத்திக்கும்" என்று மாமியார் தடுக்கிறார். புதுவயலில் இருக்கும் அம்மாவோ, "நாங்கள்லாம் இடுப்புல பிள்ளையும் தலையில குடமுமாத்தான் திரிஞ்சோம், ஒண்ணும் ஆகாது" என்கிறார். முதலாவது சுகப்பிரசவம். இதுவரை எடுத்த ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது. பிள்ளை நாள் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

தூக்கலாம். உங்களைப் போல் சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில், பெற்ற பிள்ளையை அவ்வப்போது தூக்குவதால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வராது. ஆனால் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்குவது, தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது, இடுப்பில் வைத்தபடியே சமையலும் பாத்திரமுமாக வேலை பார்ப்பது, இந்த மூன்றையும் இன்றோடு விட்டுவிடுங்கள். காரைக்குடியில் கர்ப்பிணிகளின் இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் இயன்முறை சிகிச்சை கொடுக்கிறேன். வருகிறவர்களிடம் விசாரித்தால், பிள்ளையின் எடையைவிட அதைத் தூக்கிய விதம்தான் அவர்களைப் படுக்கையில் போட்டிருக்கும்.

இந்தப் பதில் யாருக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நச்சுக்கொடி (பிளசென்டா) இறங்கி கருப்பை வாயை மூடியிருப்பதாக ஸ்கேனில் வந்தவர்கள், கருப்பை வாய் குட்டையாகிவிட்டது என்று சொல்லப்பட்டவர்கள், அதற்காகத் தையல் போட்டுக்கொண்டவர்கள், இந்தக் கர்ப்பத்தில் ரத்தம் பட்டவர்கள், முன்பு குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள், இரட்டைப் பிள்ளை சுமக்கிறவர்கள், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறவர்கள், இவர்கள் எல்லாரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தூக்க வேண்டாம். 20 வார ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கருப்பை வளர வளர மேலே போய்விடும். அதனால் கலங்க வேண்டியதில்லை. அடுத்த ஸ்கேன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மட்டும் பொறுத்திருங்கள்.

மற்றவர்களுக்கு உடம்பில் நடப்பது இதுதான். கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்ஸின், புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. பிள்ளை வெளியே வர வழி வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. வயிறு முன்னால் வர வர உடம்பின் பாரமும் முன்னால் போகிறது. அதை ஈடுகட்ட முதுகைப் பின்னால் வளைத்து நிற்கிறோம். முதுகைத் தாங்க வேண்டிய வயிற்றுத் தசைகளோ நீண்டு மெலிந்து கிடக்கின்றன. முதல் பிரசவத்தில் விலகிய தசை முழுதாகச் சேராமலே அடுத்தது உண்டானவர்கள் நிறையப் பேர். இந்த நிலையில் இடது இடுப்பைத் துருத்தி, அதன் மேல் 12 கிலோவை உட்கார வைத்தால், தளர்ந்த மூட்டு ஒரு பக்கமாகவே இழுபடும். ராத்திரி புரண்டு படுக்கும்போது, ஒற்றைக் காலில் நின்று பாவாடை மாற்றும்போது, காரிலிருந்து காலை அகட்டி இறங்கும்போது, பின்னிடுப்பிலோ முன்னால் தொடைகள் சேரும் இடத்து எலும்பிலோ சுரீர் என்று குத்தினால் இதுதான் காரணம். வயிற்றுப் பிள்ளைக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆனால் உங்களைப் பிரசவம் வரைக்கும் நடக்கவிடாமல் செய்துவிடும். குத்தல் வந்தபிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்காதீர்கள்.

எத்தனை கிலோ வரைக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்தவர்கள் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளுக்காக 2013-ல் ஒரு கணக்கு கொடுத்தார்கள். எப்போதாவது தூக்குவதானால், உடம்பை ஒட்டிப் பிடித்தபடி, முதல் 20 வாரம் வரை சுமார் 16 கிலோ. அதற்குப் பிறகு சுமார் 12 கிலோ. கையை நீட்டித் தூக்கினால் இது வெகுவாகக் குறைந்துவிடும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள உயரத்துக்குக் கீழிருந்து எதையும் தூக்கவே வேண்டாம் என்கிறது அந்தக் கணக்கு. மணிக்கணக்கில் திரும்பத் திரும்பத் தூக்குகிறவர்களுக்கு இந்த எடை பாதியாகிவிடும். தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ நாள் முழுக்கப் பாரம் தூக்கும் வேலை செய்யும் பெண்களிடம்தான் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் பிள்ளையைத் தூக்குவதை அதோடு சேர்க்க வேண்டாம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: 5 மாதம் முடிந்தபின் வரும் அந்த 12 கிலோவில்தான் உங்கள் மகன் இப்போது நிற்கிறான். வரும் மாதங்களில் அவனும் கனப்பான், நீங்களும் கனப்பீர்கள். அவன் தானே ஏறி இறங்கப் பழகவேண்டிய நேரம் இதுதான்.

நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. தெருவிலிருந்து முகப்புக்கு ஏற படிகள். அப்புறம் உயரமான நிலைப்படி. வளவுக்குள் (முற்றம் உள்ள உள்வீடு) நுழைந்தால் நடுவில் தாழ்ந்த முற்றம், சுற்றிலும் பத்தி (தாழ்வாரம்). அதைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு ஒரு நிலைப்படி, அடுப்படிக்கு இன்னொன்று. மாடிப்படி என்றால் ஒடுக்கமும் செங்குத்துமாக இருக்கும். முகப்பில் விளையாடும் பிள்ளையைச் சோறூட்ட அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாலே எத்தனை ஏற்ற இறக்கம்! 7 மாதத்தில் வயிறே உங்கள் பாதத்தை மறைக்கும். இடுப்பில் பிள்ளையும் இருந்தால் அந்தப் பக்கத்துத் தரையும் தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்போது காலுக்குச் சுகம். மாப் போட்ட ஈரத்திலும், மழைச்சாரல் அடித்த முற்றத்து ஓரத்திலும் வழுக்கிவிடும். எனக்கு உங்களைப் பற்றி உள்ள கவலையெல்லாம் இப்படி விழுந்துவிடுவதுதான், தூக்குவது அல்ல. நிலைப்படியில் கால் தடுக்கினால் பிள்ளையை விடமாட்டோம், கையை ஊன்ற முடியாது, வயிறு நேராகத் தரையில் படும். அதனால் எந்த நிலைப்படியையும் பிள்ளையோடு தாண்டாதீர்கள். இறக்கிவிட்டு, கையைப் பிடித்து, அவனைத் தாண்டவிட்டு நீங்கள் தாண்டுங்கள். 2 வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு. தரை ஈரமாக இருந்தால் காயும்வரை அந்தக் கட்டுப் பக்கமே போக வேண்டாம்.

அதே வீட்டில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது: திண்ணை. பிள்ளையைத் திண்ணைமேல் ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வயிற்றை வைத்து ஊர்ந்து ஏறுவான், நான்கு நாளில் பழகிவிடும். நீங்கள் அவனுக்கு ஒட்டினாற்போல், ஒரு பாதம் சற்று முன்னால் வைத்து நில்லுங்கள். அவன் கையை உங்கள் கழுத்தைச் சுற்றிப் போடச் சொல்லுங்கள். உங்கள் ஒரு கை அவன் பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். மூச்சை உள்ளே இழுங்கள். வெளியே விடும்போது, ஒன்றுக்கு வருவதை அடக்குவதுபோல் கீழ்த்தசைகளை மேலே இறுக்கி, அவனை உங்கள்மேல் சாய்த்து எடுங்கள். குனிய வேண்டிய வேலையே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ம்ம்' என்று தூக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுக்க அந்தக் கீழ்த்தசைகள்மேல் இறங்கும். தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறீர்களே, அதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். திண்ணை இல்லாத இடத்தில் கட்டில், நாற்காலி, ஒரு படி, எதுவானாலும் சரி. அவன் உயரத்தில் இருக்க வேண்டும், நீங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

வேறு வழியே இல்லாமல் தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், இடுப்பை மடக்கிக் குனியாதீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மற்றக் காலை மடக்கி உட்காருங்கள். பிள்ளையை முதலில் அந்தத் தொடைமேல் ஏற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் சுவரையோ தூணையோ பிடித்து எழுந்திருங்கள். மெதுவாக எழுந்திருங்கள். கர்ப்பத்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருப்பதால் வெடுக்கென்று எழுந்தால் கண் இருட்டும். ரத்தசோகையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால், அது ஏறும்வரை பிள்ளையை நின்றுகொண்டு தூக்காதீர்கள். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். காபி, டீ குடித்த கையோடு போட்டால் சத்து சரியாகச் சேராது.

இடுப்பில் வைத்தால் பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள். வலது கைக்காரர்கள் எல்லாரும் இடது இடுப்பிலேயே வைத்து வலது கையால் வேலை பார்க்கிறோம். அதைத்தான் உடைக்க வேண்டும். பிள்ளையின் கால் வயிற்றுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். சில நிமிடத்துக்கு மேல் தூக்கி வைக்க வேண்டியிருந்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

தூளி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் முதுகு பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளை இன்னும் தூளியிலதான் தூங்குதா?" என்றுதான். 2 வயதாகியும் பழைய சேலையில் கட்டிய தூளி இல்லாமல் தூங்காத பிள்ளைகள் இங்கே ஏராளம். தூளிக்குள் இருக்கிற பிள்ளையை எடுக்க, சேலையை விலக்கி, முன்னால் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, கழுத்து தொங்கும் பிள்ளையை அப்படியே அலாக்காக வெளியே கொண்டுவர வேண்டும். தூங்குகிற பிள்ளை தன் பங்குக்கு உங்களைப் பிடித்துக்கொள்ளாது, முழு எடையும் உங்கள் கையில். மேலே சொன்ன கணக்கில் செய்யக்கூடாதவை எல்லாம் இந்த ஒரே வேலையில் வந்துவிடுகின்றன. தூளியின் அடி, கீழே விரித்த மெத்தைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். விழித்தால் அவனே காலை ஊன்றி வெளியே வந்துவிடுவான். தூங்கிவிட்டால் எடுத்துக் கட்டிலில் மாற்ற வேண்டாம், அங்கேயே தூங்கட்டும். இன்னும் நல்லது, சின்னது பிறப்பதற்குள் இவனைப் பாய்க்குப் பழக்கிவிடுவது. பிறந்தபிறகு தூளியைப் பிடுங்கி அதில் தம்பியைப் போட்டால், அவன் மனசில் அது வேறு மாதிரிப் படும்.

குளிப்பாட்டுவதும் அப்படித்தான். முற்றத்தில் குத்தவைத்துக் குளிப்பாட்டி, ஈரப் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடக்கிறீர்கள். நீங்கள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவனை நிற்க வைத்துக் குளிப்பாட்டுங்கள், துவட்டிவிட்டு நடக்க வையுங்கள்.

பேருந்தில் ஏறும்போது பிள்ளையை முதலில் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறுங்கள். நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். குன்றக்குடி முருகன் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டுதல் இருந்தால், மடியில் உட்கார வைக்கப்போவது தாய்மாமன்தானே, மலைப்படியிலும் அவரே தூக்கட்டும்.

இனி மாமியார் சொன்னவை. தொப்புள்கொடி சுற்றிக்கொள்வது நீங்கள் தூக்குவதால் இல்லை. பிள்ளை உள்ளே புரண்டு விளையாடுவதால் சுற்றுகிறது. நாலைந்து பிரசவத்துக்கு ஒன்றில் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரு சிக்கலும் இல்லாமல் பிறக்கும். கையை உயர்த்தித் துணி காயப்போட்டாலும் கொடி சுற்றாது. முதல் 3 மாதத்தில் தூக்கினால் கலைந்துவிடும் என்பதும் அப்படித்தான்; அந்த மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, குரோமோசோம் கோளாறால் வளரவே முடியாதவை. கரு கலைந்த பெண்ணிடம் போய், "நீ பிள்ளையைத் தூக்கினாய், அதனால்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். மூத்தவன் மடியில் ஏறும்போது வயிற்றில் காலை வைத்துவிட்டான் என்றாலும் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் பிள்ளையைப் பனிக்குட நீரும் கருப்பைச் சுவரும் காக்கின்றன. ஓடி வந்து முட்டியோ, நீங்கள் விழுந்தோ வயிற்றில் பலமாக அடிபட்டால் அது வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் மாமியாரின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். அவர் உங்கள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார். அம்மா சொல்வதிலும் பாதி உண்மை. அந்தக் காலத்தில் அவர்கள் தூக்கினார்கள்தான், ஆனால் வளவு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி கையிலிருந்து பிள்ளையை அப்பத்தா வாங்கினார், பெரியம்மா வாங்கினார், அடுத்த கட்டில் இருந்தவர்கள் வாங்கினார்கள். இப்போது அதே அளவு வீட்டில் இரண்டே பேர். எனவே 'தூக்காதே' என்று சொல்கிறவர், பிள்ளை அழும்போது யார் எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பத்தாவால் தூக்க முடியாது, உட்கார்ந்து செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சோறூட்டுவது, கதை சொல்லித் தூங்க வைப்பது, உடை மாட்டுவது. இவற்றை அவரிடம் கேட்டு வாங்கி ஒப்படையுங்கள். "நீங்க ஊட்டுனா நல்லா சாப்பிடுறான் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கிற கணவர் தினமும் வீடியோவில் பிள்ளையைக் கொஞ்சுவதோடு நிறுத்தாமல், காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆளைப் பிடித்துச் சம்பளம் கொடுக்கட்டும். பையனுக்கு 2 வயது முடிந்துவிட்டால் அங்கன்வாடியில் விசாரியுங்கள், முற்பகல் முழுக்க உங்களுக்கு ஓய்வு.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. "வயித்துல பாப்பா இருக்கு, அதான் அம்மா தூக்க மாட்டேன்" என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிவிடுகிறோம். பிறக்கும் முன்பே பாப்பா அவனுக்கு எதிரியாகிவிடுகிறது. "அம்மா உட்கார்ந்துக்கிறேன், மடிக்கு வா" என்று மட்டும் சொல்லுங்கள். அவனுக்கு வேண்டியது உங்கள் உடம்போடு ஒட்டியிருப்பது, உயரம் இல்லை. அவன் கை நீட்டியதும் நீங்கள் உடனே உட்கார்ந்துவிட்டால், சில நாளில் கை நீட்டுவதற்குப் பதிலாகத் திண்ணையைக் காட்டத் தொடங்குவான்.

விழுந்துவிட்டாலோ வயிற்றில் பலமாக அடிபட்டாலோ, வலி இல்லை என்றாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதைச் சொல்ல மறக்காதீர்கள். பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடிபட்டாலும் படாவிட்டாலும், ரத்தம் பட்டால், தண்ணீர் போல் வழிந்தால், வயிறு விட்டு விட்டுக் கல்லாக இறுகினால், 28 வாரத்துக்கு மேல் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், மாமியார் காப்பி போட்டு வரும்வரைகூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கியபின் அடிவயிற்றில் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அடங்கிவிடுகிறது என்றால் அது தசைநார் இழுப்பு. அன்றைக்கு அதற்கு மேல் தூக்காதீர்கள், போதும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அவனை ஏறி இறங்கப் பழக்கச் சொல்கிறேன். ஒருவேளை இந்த முறை சிசேரியன் ஆகிவிட்டால், சுமார் 6 வாரத்துக்குப் பிறந்த பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மூத்தவன் ஓடி வந்து தூக்கு என்பான். கட்டிலில் தானே ஏறி உங்கள் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவனாக இருந்தால் அன்றைக்கு இருவருக்கும் சிரமம் இல்லை. உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு உறுதியான முக்காலியைப் போட்டு இந்த வாரமே ஆரம்பியுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு அட்டையில் எழுதி வாங்கி, மாமியாரையும் உள்ளே கூட்டிப்போய் அவர் காதாலேயே கேட்க வையுங்கள்.